பதினெட்டு நிமிடக் கதையும் அறுபத்தொரு மணி நேரமும்

பாட்காஸ்டுக்காக நான் செய்த ஒலிக்கதை ஒன்று சென்ற வாரம் ஒருவழியாக முடிந்தது. அது 18 நிமிடம் 10 விநாடி ஓடுகிறது. தொடங்கிய நாள் முதல் செலவான நேரத்தை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்ததால், கூட்டிப் பார்க்கும்போது கணக்கில் சந்தேகம் இல்லை: ஒலிப்பதிவுக்கு 5 மணி நேரம், பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்குவதற்கு 13, ஸ்கிரிப்டை எழுதித் திருத்துவதற்கு 17, என் குரலைப் பதிவதற்கு 4, எடிட்டிங்குக்கு 16, ஒலி அளவுகளைச் சமன் செய்வதற்கு 3, பிறருக்குப் போட்டுக் காட்டித் திருத்துவதற்கு 3. ஆக மொத்தம் 61 மணி நேரம். இதில் பாதிக்கு மேல் வீணானது. எங்கே வீணானது என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

கதை எளிமையானது. பெண்டுலம் கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரின் பட்டறையில், 11 ஆண்டுகளாக ஒரு சுவர்க் கடிகாரம் தொங்குகிறது. பழுதுபார்க்கக் கொடுத்த பெண் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. முதியவர் அதைச் சரிசெய்துவிட்டார். அது ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் வகை. ஆகவே வாரத்துக்கு ஒரு முறை, 11 ஆண்டுகளாக, யாரோ ஒருவருடைய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதைக் கேள்விப்பட்டவுடன், கதை தானாகவே அமைந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் முறை போனபோது கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, டைனமிக் மைக் ஒன்று, காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஒன்று கொண்டுபோனேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு. பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வைத்தேன் (கருவி தாங்கும் உச்சம் 0). ஒருவர் திடீரென்று சிரித்தாலும் இருமினாலும் ஒலி கிழியாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். மைக்கை அவருடைய வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, நேராக இல்லாமல் தாடையின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தேன். இந்த அளவில் எல்லாம் தவறு நேரவில்லை. தவறு நேர்ந்தது நான் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் தெளிவாகவே கேட்டுக்கொண்டிருந்த ஒன்றில்: சுவரில் ஆறு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த டிக் டாக் சத்தம் அழகாக இருக்கிறது, பட்டறையில் இருப்பதுபோன்ற உணர்வைக் கொடுக்கும் என்று மகிழ்ந்துபோய் 2 மணி 40 நிமிடம் பதிவு செய்துகொண்டு வந்தேன்.

அன்றைய பதிவில் வேறு குறைகளும் உண்டு. அவர் சொல்லச் சொல்ல நான் "ம்ம்", "சரிங்க ஐயா" என்று கூடவே தாளம் போட்டிருக்கிறேன்; நல்ல வாக்கியங்கள் பலவற்றின் வால் என் குரலில் நசுங்கிக் கிடக்கிறது. தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்பதை எத்தனை முறை படித்திருக்கிறேன், இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. கேள்விகளையும் தப்பாகவே கேட்டிருக்கிறேன். "இந்த வேலையில் உங்களுக்கு மனநிறைவு இருக்கிறதா ஐயா?" என்று கேட்டால், "இருக்குங்க தம்பி" என்பதைத் தவிர அவர் என்னதான் சொல்வார்? "அன்றைக்கு அந்த அம்மா உள்ளே வந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்ட ஒரே ஒரு இடத்தில்தான் அவர் ஏழு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். கதையில் உள்ள அவருடைய பேச்சில் பெரும்பகுதி அந்த ஏழு நிமிடத்திலிருந்து வந்தது.

பதிவை எழுத்தில் இறக்கியது அடுத்த கட்டம். முழுவதையும் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்தேன். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. அது தவறில்லை. அதற்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, தாளில் இருப்பதைப் படித்தே நல்ல பகுதிகளுக்கு அடிக்கோடு போட்டதுதான் தவறு. தாளில் பளிச்சென்று தெரிந்த பகுதிகள், பெரும்பாலும் அவர் பலமுறை பலரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு. நான் அடிக்கோடு போடாமல் விட்ட ஒரு வரி இருந்தது. தாளில் அது இப்படித்தான் இருந்தது: "அடுத்த வாரம் வரேன்னாங்க. அப்புறம் வரல." இதில் என்ன இருக்கிறது? ஆனால் ஒலியில் "அப்புறம்" என்பதற்கும் "வரல" என்பதற்கும் நடுவில் நான்கு விநாடி இருக்கிறது. அந்த நான்கு விநாடியில் அவர் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்கிறது. தாளுக்கு இது எதுவும் தெரியாது. இப்போதெல்லாம் முதலில் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் ஒருமுறை கேட்டு, எந்த இடத்தில் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்கிறேனோ அந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன். தட்டச்சு அதற்குப் பிறகுதான்.

முதல் வடிவம் 34 நிமிடம் வந்தது; அதில் என் குரலே 19 நிமிடம். மூன்று பேரைத் தனித்தனியாக உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்து மரியாதைக்காகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கை எப்போது போனை நோக்கிப் போகிறது என்பதை மட்டும் எழுதினேன். இரண்டு பேர் நான்காவது நிமிடத்துக்குள், மூன்றாமவர் ஒன்பதாவது நிமிடத்தில். கேட்டு முடித்தபின் மூவரும் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொன்னார்கள்.

எங்கே போனார்கள் என்பதைப் பார்த்துச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான், நான் எழுதியிருந்தது காதுக்கான தமிழே அல்ல என்பது தெரிந்தது. ஒரு வாக்கியம்: "பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில், பட்டறையை மூடுகிற நேரத்தில், பழைய துணியில் சுற்றி, இரண்டு கைகளாலும் அணைத்தபடி ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த, ஓட்டம் நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரம் இன்றும் அவருடைய பட்டறையில் தொங்குகிறது." படிக்கும்போது இதில் குறை ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கண் முன்னும் பின்னும் ஓடி "கடிகாரம்" என்ற சொல்லைத் தேடிப் பிடித்துவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. தமிழில் பெயரை விவரிக்கும் எச்சங்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து வரிசையாக நிற்பதால், எதைப்பற்றிய பேச்சு இது என்பது தெரியாமலே கேட்பவர் துணி, கை, மாலை, பெண் எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வினைமுற்று வந்து சேர்வதற்குள் பாதி கீழே விழுந்துவிடுகிறது. இதை இப்படி மாற்றினேன்: "சுவரில் ஒரு கடிகாரம் தொங்குகிறது. அது இவருடையது இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால், பட்டறையை மூடுகிற நேரத்தில், ஒரு பெண் அதைக் கொண்டுவந்தார். பழைய துணியில் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு." கடைசித் துண்டுக்கு வினைமுற்று இல்லை. இலக்கண ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ஆனால் வாய்ப்பேச்சில் தமிழர்கள் எல்லோரும் இப்படித்தான், முக்கியமானதைச் சொல்லி முடித்துவிட்டு மிச்சத்தைப் பின்னால் ஒட்டுகிறோம்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது, கேட்ட ஒருவர் சொல்லாவிட்டால். "நடுவில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்றே புரியவில்லை" என்றார் அவர். முதியவரும் "அவர்", கடிகாரம் கொண்டுவந்த பெண்ணும் "அவர்". மரியாதைப் பன்மைக்கு ஆண், பெண் வேறுபாடு இல்லை. எழுத்தில் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஒலியில் நான்கு வரிக்குள் இரண்டு "அவர்" வந்தால் இருவரும் ஒருவராகக் கரைந்துவிடுகிறார்கள். ஸ்கிரிப்ட் முழுவதும் தேடி 41 "அவர்"களில் 27-ஐ எடுத்துவிட்டு, "கடிகாரக்காரர்", "அந்தப் பெண்" என்றே மீண்டும் மீண்டும் போட்டேன். எழுத்தில் இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பாக இருக்கும். ஒலியில் யாருக்கும் உறுத்தவில்லை.

நடைதான் எல்லாவற்றையும்விட நேரம் தின்றது. கடிகாரக்காரர் பேச்சுத் தமிழில் பேசுகிறார்; அவர் குரல் முடிந்த அடுத்த விநாடி நான் "எனினும் அப்பெண்மணி மீண்டும் வரவில்லை" என்று தொடங்கினால், பட்டறைக்குள் செய்தி வாசிப்பாளர் ஒருவர் நுழைந்ததுபோல் இருந்தது. சரி என்று நானும் "வந்துச்சு, போச்சு" என்று முழுப் பேச்சுத் தமிழுக்கு இறங்கிப் பதிந்து பார்த்தேன். அது இன்னும் மோசம். எழுதி வைத்ததைப் பார்த்துக்கொண்டு பேச்சுத் தமிழ் பேசினால் நாடக ஒத்திகை மாதிரி ஒலிக்கிறது. கடைசியில் வினைகளை எழுத்து வழக்கிலேயே வைத்துக்கொண்டு, சொற்களையும் வாக்கிய வரிசையையும் மட்டும் பேச்சிலிருந்து எடுத்தேன்: "எனினும்" போய் "ஆனால்" வந்தது, "முன்பு" போய் "முன்னால்" வந்தது, "உம்" சேர்த்துக் கோத்த நீண்ட பட்டியல்கள் உடைந்தன. ஆண்டு எண்களையும் எடுத்துவிட்டேன். தாளில் நான்கு இலக்கமாக இருப்பது வாயில் "இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு" என்று இரண்டு விநாடிக்கு மேல் நீள்கிறது, கேட்பவர் மனத்தில் எதுவும் தங்குவதில்லை. "பதினோரு வருடத்துக்கு முன்னால்" என்பது தங்குகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நோய் மீதி இருந்தது. என் வாக்கியம் ஒவ்வொன்றும் அடுத்து வரப்போகும் குரலை முன்கூட்டியே தின்றுகொண்டிருந்தது. "அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை என்பதைக் கடிகாரக்காரர் வருத்தத்துடன் நினைவுகூர்கிறார்" என்று நான் சொல்லி முடித்ததும், அவர் "அப்புறம் வரல" என்கிறார். அந்த நான்கு விநாடி மௌனத்துக்கு இனி என்ன வேலை? முடிவு தெரிந்துவிட்டது, வருத்தமும் நான் சொல்லியாயிற்று. இப்போது அந்த இடத்தில் என் வரி இவ்வளவுதான்: "அடுத்த வாரம் அந்தப் பெண் வந்துவிடுவார் என்று நினைத்து, இரவெல்லாம் உட்கார்ந்து வேலையை முடித்திருக்கிறார்." இதற்குப் பின் அவர் குரல். குரலை அறிமுகம் செய்யும் வாக்கியம், அந்தக் குரலுக்கான பசியை உண்டாக்க வேண்டும். சாப்பாட்டையே ஊட்டிவிடக் கூடாது. ஸ்கிரிப்டில் இப்படி முன்கூட்டியே தின்ற இடங்கள் 16 இருந்தன. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க எளிய வழி, குரலை நீக்கிவிட்டு என் வரிகளை மட்டும் தொடர்ச்சியாகப் படிப்பது. குரலே இல்லாமல் கதை முழுதாகப் புரிந்துவிட்டால், குரல் வெறும் அலங்காரமாகிவிட்டது என்று பொருள்.

இந்தக் கண்டுபிடிப்பு தலைக்கேறி, இரண்டாம் வடிவத்தில் என் குரலையே முழுவதும் நீக்கிவிட்டேன். இதற்கு ஒரு முன்னோடியும் கையில் இருந்தது. 1958-இல் பிபிசியில் தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கர், நாட்டுப்புறப் பாடகர்கள் யூவன் மக்கோல், பெக்கி சீகர் மூவரும் தொடங்கிய வானொலிப் பாடற்கதைகளில் கதைசொல்லி என்று யாரும் இல்லை. தொழிலாளர்களின் சொந்தக் குரலும் பாடலுமே கதையைக் கொண்டுசெல்லும். அவர்களால் முடிந்தது என்னால் முடியாதா என்று 21 நிமிடத்துக்கு ஒரு வடிவம் செய்தேன். முடியவில்லை. அங்கே கதைசொல்லி செய்ய வேண்டிய இணைப்பு வேலையைப் பாடல்கள் செய்தன. பலருடைய குரல்களும் இருந்தன. என்னிடம் இருந்தது ஒரே ஒரு மனிதரின் குரலும் ஆறு கடிகாரங்களும். கேட்டவர் எட்டாவது நிமிடத்தில் திரும்பிப் பார்த்து, "இந்த அம்மா அவருக்கு உறவா?" என்றார். ஒன்பது மணி நேர உழைப்பு அதோடு போயிற்று.

பிறகு அட்டைகளை எடுத்தேன். உள்ளங்கை அளவு அட்டை ஒவ்வொன்றிலும் கதையின் ஒரு துண்டை எழுதி, அதன் அடியில் இரண்டு வரி: இந்தத் துண்டு எந்தக் கேள்வியை எழுப்புகிறது, எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது. 23 அட்டைகள். தரையில் வரிசையாகப் பரப்பியவுடன் நோய் கண்ணுக்குத் தெரிந்தது. கதையின் முதுகெலும்பான கேள்வி, யாரும் வராத கடிகாரத்துக்கு இவர் ஏன் இன்னும் சாவி கொடுக்கிறார் என்பது. அதற்கு அவர் சொன்ன விடை அருமையானது: "வந்து கேட்டா, நின்னு போன கடிகாரத்தையா தம்பி திருப்பிக் குடுக்கிறது?" அருமையாக இருந்ததனாலேயே முதல் வடிவத்தில் அதைத் தூக்கி மூன்றாவது நிமிடத்தில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு கேட்பவருக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமே பாக்கி இல்லை; கதை மேலும் 31 நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையைப் பதினைந்தாவது நிமிடத்துக்கு நகர்த்தினேன். கேள்வியை இரண்டாவது நிமிடத்தில் வைத்தேன். நடுவில் உள்ள துண்டுகளில் எழுபத்தைந்து விழுக்காட்டை மாற்றவேயில்லை. அவை தாமாகவே உயிர் பெற்றன.

அட்டைகள் வேறொன்றும் காட்டின. 1995 முதல் ஒலிபரப்பாகிவரும் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஐரா கிளாஸ், வானொலிக் கதைக்கு இரண்டு கட்டுமானப் பொருள்கள் போதும் என்பார்: ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் சம்பவம் ஒன்று, அந்தச் சம்பவத்தால் என்ன என்று நின்று யோசிக்கும் கணம் மற்றொன்று. என் 23 அட்டைகளில் சம்பவம் நான்குதான். மீதியெல்லாம் யோசனை, தகவல், வர்ணனை. கடிகாரம் வந்த மாலை ஒன்றைத் தவிர, கேட்பவர் கண்முன் எதுவும் நடக்கவில்லை. மறுபடியும் போகாமல் முடியாது என்று தெரிந்தது.

போவதற்கு இன்னொரு கட்டாயமும் இருந்தது: அந்தக் கடிகாரச் சத்தம். பேச்சை எங்கே வெட்டி எங்கே ஒட்டினாலும், வார்த்தை சுத்தமாக ஒட்டும், ஆனால் பின்னணியில் டிக் டாக் தாளம் தடுக்கி விழும். பெண்டுலத்தின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் என்றால், அது ஒரு பக்கம் போய்த் திரும்பி வர ஒரு விநாடி ஆகும். விநாடிக்கு இரண்டு தட்டு. ஒரு கடிகாரம் மட்டும் இருந்திருந்தால் வெட்டும் துண்டின் நீளத்தைச் சரியாக விநாடிக் கணக்கில் வைத்துத் தப்பித்திருக்கலாம். அரை விநாடிக் கணக்கும் உதவாது, ஏனென்றால் டிக்கின் ஒலி வேறு, டாக்கின் ஒலி வேறு. அரை விநாடி பிசகினால் டிக் டிக் என்று வரும். என் பதிவிலோ ஆறு பெண்டுலங்கள், ஒவ்வொன்றும் ஒரு நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம். சத்தத்தை நீக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மின்விசிறியின் இரைச்சல்போல ஒரே சீராக இருப்பதை அது நன்றாக உறிஞ்சும்; விட்டுவிட்டு வரும் கூர்மையான தட்டுகளை அதனால் பிடிக்க முடியவில்லை, அழுத்திப் பிடிக்கச் சொன்னால் முதியவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. இதில் மட்டும் ஆறு மணி நேரம்.

இரண்டாம் முறை போனபோது தயக்கத்துடன்தான் கேட்டேன்: "ஐயா, பேசுகிற நேரம் மட்டும் கடிகாரங்களை நிறுத்தலாமா?" அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். நல்லவேளையாகக் கருவியை அதற்கு முன்பே ஓடவிட்டிருந்தேன். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். முதல் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, சுட்டுவிரலைப் பெண்டுலத்தின் ஓரத்தில் மெல்ல வைத்தார். ஒரு தாளம் உதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கிறீச்சல், ஒவ்வொன்றும் வேறு சுருதி. ஆறாவது, அந்தப் பெண்ணின் கடிகாரம். அதன்முன் சற்று நின்றுவிட்டு விரலை வைத்தார். பட்டறையில் அப்படி ஓர் அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏழு விநாடி. பிறகு சொன்னார்: "இப்பத்தான் உங்க குரல் எப்படி இருக்கும்னே தெரியுது தம்பி." கடிகாரங்கள் நின்றபின் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை என்பதையும் கவனிக்கவில்லை, அவரே சிரித்துக்கொண்டு, "பேசுங்க" என்றார்.

கதை இப்போது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முன்னுரை இல்லை, என் பெயர் இல்லை. கதவு திறக்கும் கிறீச்சலும் ஆறு தாளங்களும் ஒவ்வொன்றாக உதிர்வதும்தான் முதல் 50 விநாடி. இரண்டாம் சந்திப்பில் நடந்ததைத் தொடக்கத்தில் வைப்பதால் கேட்பவர் அதை முதல் சந்திப்பு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, "இரண்டாம் முறை போனபோது" என்று என் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இந்த மூன்று சொல்லைப் போடாமலே விடலாம் என்று ஒரு சபலம் இருந்தது. அவரைக் கேட்பவர் முன் நிறுத்தும்போது காலத்தை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்று செய்த இன்னொரு நல்ல காரியம், எல்லாக் கடிகாரங்களும் நின்ற நிலையில் இருவரும் அசையாமல் உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் அறையின் அமைதியைப் பதிந்துகொண்டது. ஒவ்வோர் அறையின் அமைதிக்கும் ஒரு ஒலி உண்டு. வெட்டிய இடங்களில் அதை வைத்து நிரப்பாவிட்டால் ஒலி திடீரென்று செத்து மீண்டும் பிறப்பதுபோல் இருக்கும். முதல் முறை பத்தே விநாடிதான் பதிந்திருந்தேன், அதிலும் என் செருப்புச் சத்தம். பிறகு அந்தப் பெண்ணின் கடிகாரத்தை மட்டும் ஓடவிட்டு, மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து மூன்று நிமிடம் தனியாகப் பதிந்தேன். கதையில் பேச்சுக்கு அடியில் கேட்கும் டிக் டாக் பெரும்பாலும் இதுதான். தனி டிராக்கில் இருப்பதால் பேச்சை எங்கே வெட்டினாலும் தாளம் கெடாது.

கெட்ட காரியமும் ஒன்று செய்தேன். "அப்புறம் வரல" என்ற வரியைக் கடிகாரச் சத்தம் இல்லாமல் பெறலாம் என்று, அந்த மாலையை மறுபடியும் சொல்லச் சொன்னேன். சொன்னார். தெளிவாக, கோவையாக, மைக்கைப் பார்த்து, "அதன் பிறகு அவங்க வரவே இல்லை" என்றார். மௌனமும் இல்லை, திருப்புளியும் இல்லை. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஆறு கடிகாரங்கள் அடித்துக்கொண்டிருக்கும் பழைய பதிவையே அந்த இடத்தில் வைத்தேன்.

மூன்றாம் வடிவத்தில் இசையைப் பற்றி மட்டும் ஒரு வரி: ஐந்து இடத்தில் போட்டு, நான்கில் எடுத்துவிட்டேன். வருத்தமான வரிக்கு அடியில் வருத்தமான இசை ஓடினால், கேட்பவர் தாமாக உணர வேண்டியதை நாம் கையைப் பிடித்து உணரவைக்கிறோம். எஞ்சிய ஓர் இடத்தில் இசை, பதினைந்தாம் நிமிட விடைக்குச் சற்று முன்னால் சட்டென்று நிற்கிறது. அந்த நிற்றலுக்காகவே அது அங்கே இருக்கிறது.

அதே வடிவத்தில், நீளத்தைக் குறைக்கும் வேகத்தில் அந்த நான்கு விநாடி மௌனத்தை ஒரு விநாடியாக நறுக்கிவிட்டேன். திரையில் தெரியும் அலைவடிவத்தில் பேச்சு இல்லாத இடம் மெல்லிய கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் கை தானாகவே வெட்டப் போகிறது. கேட்ட ஒருவர், "அந்த அம்மா மேல அவருக்குக் கோபமோ?" என்றார். மூன்று விநாடியைத் திருப்பி வைத்தேன். வேறொருவரிடம் போட்டுக் காட்டியபோது அந்தக் கேள்வி வரவில்லை. ஒருவருடைய சொல்லை மாற்றக் கூடாது என்பதில் எப்போதும் கவனமாக இருந்திருக்கிறேன். மௌனத்தை மாற்றினாலும் அவர் சொன்னது மாறிப்போகும் என்பதற்கு எனக்கு இது தேவைப்பட்டது.

என் குரலை அலமாரிக்குள், தொங்கும் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பதிந்தேன். முதலில் உட்கார்ந்து பதிந்தது முழுவதும் தூக்கக் கலக்கமாக ஒலித்தது. மைக்குக்கு மிக அருகில் போனால் அடிக்குரல் தடித்து, எல்லாம் தெரிந்தவர் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த தூரம் சரியாக இருந்தது. ஒவ்வொரு பத்தியையும் ஒருமுறை படித்துவிட்டு, தாளைக் கீழே வைத்து, அதையே நினைவிலிருந்து ஒரு ஆளிடம் சொல்வதுபோல் சொல்லி, அதன்பின் மீண்டும் தாளைப் பார்த்துப் படித்ததைத்தான் பயன்படுத்தினேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 சொல் என்பது என் வேகம். இறுதி வடிவத்தில் என் பங்கு எட்டரை நிமிடம், கடிகாரக்காரரின் பங்கு ஏழரை, எஞ்சியது ஒலியும் அமைதியும்.

கடைசிக் கட்ட அளவுகள்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை இரு குரல்களிலும் வெட்டினேன். கடிகார டிராக்கைக் குரலைவிட 20 டெசிபெல் அளவுக்குத் தாழ்த்தினேன். வெட்டிய இடங்களில் 10 முதல் 20 மில்லிவிநாடிவரை ஒன்றன்மேல் ஒன்று கரையும்படி வைத்தேன்; மூச்சை இழுத்த பிறகு வெட்டாமல், இழுப்பதற்கு முன்னால் வெட்டினால் ஒட்டு தெரிவதில்லை. மொத்த ஒலி அளவு ஸ்டீரியோவில் மைனஸ் 16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல். மோனோவாக வெளியிட்டால் மைனஸ் 19 போதும், காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். நல்ல ஹெட்போனில் எல்லாம் சரியாக இருந்தது; போனின் சிறிய ஸ்பீக்கரில் போட்டபோது தொடக்கத்தில் மூன்றாவது கடிகாரம் நிற்பது காதில் விழவே இல்லை. அந்த 50 விநாடியை மட்டும் மூன்று டெசிபெல் உயர்த்தினேன்.

அடுத்த முறை முதல் சந்திப்புக்குக் கருவியோடு போகப் போவதில்லை. ஒருமுறை சும்மா போய் உட்கார்ந்து, அறையில் என்னென்ன ஒலிக்கிறது, அதில் எதை நிறுத்த முடியும் என்று பார்த்துவிட்டு வருவேன். ஒரு வரி ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன்பே அட்டைகளை அடுக்குவேன். போட்டுக் காட்டுவதை 34 நிமிட வடிவம் முடியும்வரை தள்ளிப்போடாமல், குரல்துண்டுகளை வரிசைப்படுத்தியவுடனே, நடுவில் உள்ளதை நானே வாயால் சொல்லி ஒருவரிடம் காட்டுவேன். இவை மட்டுமே 20 மணி நேரத்தையாவது மிச்சப்படுத்தியிருக்கும்.

நான்காம் வடிவத்தைக் கேட்ட மூன்று புதியவர்களில் யாருடைய கையும் போனுக்குப் போகவில்லை. பிறகு அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கடிகாரக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, 18 நிமிடமும் அசையாமல் கேட்டார். "அப்புறம் வரல" என்ற இடத்துக்குச் சற்று முன்னால், பழைய பதிவில், என் இருமலை எடுப்பதற்காக ஒரே ஒரு வெட்டு போட்டிருந்தேன். ஆறு கடிகாரங்களும் ஓடும் இடம் அது; இரண்டு மணி நேரம் நகர்த்தி நகர்த்தி, யாருக்கும் தெரியாத அளவுக்கு ஒட்டியிருந்தேன், கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நல்லாயிருக்கு தம்பி. அந்தப் பதினோராவது நிமிஷத்துல மட்டும், மூணாவது கடிகாரம் ஒரு தட்டு தப்புது."